திருத்தப்பட்ட ஆறு: ரைன் வெள்ளச்சமவெளியை வாசித்தல்

திருத்தம் என்ற சொல் நமக்குப் பழக்கமானது. சிற்றேடு நடத்துவோருக்கு அது அச்சுப்படி பார்க்கும் வேலை. ஊரில் காணி திருத்துவதென்றால் பற்றையை வெட்டி, கல் பொறுக்கி, வரம்பு கட்டிப் பயிர் செய்யத்தக்க நிலமாக்குவது. இரண்டிலும் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது: திருத்தப்படுவது பிழையானது, திருத்துகிறவருக்குச் சரியானது எதுவெனத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் மேல் ரைன் ஆற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கிய பணிக்கு ஜேர்மன் மொழியில் இட்ட பெயரும் திருத்தம் என்பதுதான். அப்படியானால் அந்த ஆறு செய்த பிழை என்ன? அதைப் பிழையென்று தீர்மானித்தவர்கள் யார்? திருத்தத்தில் அடித்துவிடப்பட்ட வரிகள் எவை?

இலக்கியச் சஞ்சிகையில் ஆற்றுக்கும் வண்டலுக்கும் என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். பாசல் முதல் கொலோன், டுசுல்டோர்ஃப் வரையுள்ள ரைன் கரை நகரங்களில் நம்மவர்கள் பலர் வாழ்கிறார்கள். 1980கள் தொட்டு இந்தக் கரைகளில் வேலைக்குப் போயிருக்கிறோம், பிள்ளைகளைப் படிக்கவைத்திருக்கிறோம், இறந்தவர்களை வழியனுப்பியிருக்கிறோம். ஆயினும் புலம்பெயர் எழுத்தில் ரைன் பெரும்பாலும் ஒரு தபாலட்டையாகவே வந்துபோகிறது: பனி, பாலம், தேவாலயக் கோபுரம், அவற்றைப் பார்த்தபடி ஊர்க் குளத்தை நினைத்து ஏங்கும் ஒருவர். ஊர்க் குளத்துக்கு வரலாறு உண்டு, ரைனுக்கு அழகு மட்டுமே உண்டு என்ற பாகுபாடு இது. இயற்கை என்ற சொல்லை எவ்வித விசாரணையுமின்றி ஏற்றுக்கொள்வதிலிருந்தே இது பிறக்கிறது.

ரைன் வெள்ளச்சமவெளி இயற்கையாகக் கிடந்து பின்னர் மனிதரால் கெடுக்கப்பட்ட ஒன்றல்ல. காட்டுத்தனமாகக் கிடந்து பின்னர் மனிதரால் அடக்கப்பட்ட ஒன்றுமல்ல. அது காலநிலையும் கலப்பையும் அரசும் சேர்ந்து பல படிகளில் எழுதிய பிரதி. எனவே ஒரு வெள்ளம் வரும்போது "இயற்கை அனர்த்தம்" என்று சொல்லி முடித்துவிடுவது, எழுதியவர்களின் பெயரை மறைக்கும் செயல். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு ஓவியத்திலிருந்து தொடங்குவோம். சுவிஸ் ஓவியர் பீற்றர் பிர்மான் (1758–1844), பாசலுக்கு வடக்கேயுள்ள இஸ்ரைன் பாறையின் மேலிருந்து பாசலை நோக்கித் தெரியும் ரைனை 1819 அளவில் வரைந்தார். பாசல் கலைக்கூடத்துக்குரிய இந்த ஓவியம் ஆறுகள் பற்றிய நூல்களிலும் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. அதில் ஆறு ஒன்றல்ல. பல கிளைகள் பிரிந்தும் கூடியும் சடைபோலப் பின்னிக் கிடக்கின்றன. இடையிடையே சரளைத் திட்டுகளும் பற்றை படர்ந்த தீவுகளும் தெரிகின்றன. எது கரை எது ஆறு என்று கோடு கிழிக்க முடியாது. இன்று அதே பாறையின் அடியில் நெடுஞ்சாலை போகிறது. ஆற்று நீரின் பெரும்பகுதி பிரெஞ்சுப் பக்கத்துக் கொங்கிறீற் கால்வாயில் ஓடுகிறது. பழைய ரைனில் ஓடுவது மிச்ச நீர்.

இந்த ஓவியத்தை "ஆதி ரைன்" என்று காட்டுவது வழக்கம். திருத்தத்துக்கு முந்தியது என்பது உண்மை. ஆனால் ஆதி என்பது உண்மையல்ல. அதற்குப் பின்னோக்கிப் போகவேண்டும்.

கடைசிப் பனியுகத்தில் ரைன் வேறோர் ஆறு. மரமற்ற குளிர்நிலத்தில், உருகுநீர் கொண்டுவந்த சரளையைப் பரப்பியபடி அகன்று பின்னி ஓடியது. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய கொப்ளென்ஸ் நகருக்கு அருகே லாக்கர் எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் நுரைக்கல்லும் ரைனையே அடைத்து, மேற்புறத்தில் ஓர் ஏரி தேங்கி, பிறகு உடைத்துக்கொண்டு பாய்ந்தது. ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன் காலநிலை வெப்பமடைந்தபோது காடு வந்தது. வேர்கள் மண்ணைப் பிடித்தன, சரளை வரவு குறைந்தது. பல இடங்களில் ஆறு பின்னுவதை விட்டு, ஒரே படுக்கையில் வளைந்து நெளிந்து ஓடத் தொடங்கியது. ஆக, மனிதர் மண்வெட்டியைத் தொடுமுன்பே இந்தச் சமவெளி ஒருமுறை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்த கை உழவருடையது. கி.மு. 5500 அளவில் நடு ஐரோப்பாவுக்கு வந்த முதல் உழவர்கள், பனியுகக் காற்று கொண்டுவந்து படியவிட்ட மென்மையான மஞ்சள் மண்ணைத் தேடிக் குடியேறினார்கள். காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள், உழுதார்கள். வெண்கலக் காலத்திலும் உரோமர் காலத்திலும் இது பெருகியது. வேரற்ற மண்ணை மழை சரிவுகளிலிருந்து கழுவிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறக்கியது. மைன், நெக்கார், லான் போன்று ரைனில் வந்து கலக்கும் ஆறுகளின் கரையில் இன்று புல்வெளியாகத் தெரியும் சமதரையைத் தோண்டினால், பழுப்பு வண்டல் தடித்த படையாகக் கிடக்கிறது. அதன் பெரும்பகுதி மலைச்சரிவின் வயல்களிலிருந்து இறங்கிய மண். நடைபயில்வோர் "அழகான இயற்கை" என்று மெச்சும் அந்தத் தட்டையான புல்வெளி உண்மையில் தொலைந்துபோன வயல்களின் கல்லறை.

இதற்கு உச்சமான ஆண்டு 1342. பல நூற்றாண்டுகளாகத் தொடர்ந்த காடழிப்பினால் அப்போது ஜேர்மன் நிலத்தின் காடு மிகவும் சுருங்கியிருந்தது. செங்குத்தான சரிவுகள்கூட உழப்பட்டிருந்தன. அந்த யூலையில், மரிய மதலேனாளின் திருநாளை ஒட்டிப் பெய்த கடும்மழையில் மைன், ரைன், வேசர் எல்லாம் ஒருசேரப் பெருகின. அவ்வெள்ளம் இன்றும் மதலேனாள் வெள்ளம் என்றே அழைக்கப்படுகிறது. மைன்ஸ் பேராலயத்தினுள் ஆள் மார்பளவுக்குத் தண்ணீர் நின்றதாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. ஹான்ஸ்-ருடோல்ஃப் பொர்க் என்ற மண் ஆய்வாளரின் மதிப்பீட்டின்படி, தொடக்க இடைக்காலம் முதல் இன்றுவரை ஜேர்மனியில் நிகழ்ந்த மண்ணரிப்பில் ஏறத்தாழப் பாதி, 14ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இத்தகைய சில மழைகளாலேயே நிகழ்ந்தது. சில இடங்களில் மண் போய்ப் பாறை தெரிந்தது. சில வருடங்களுக்குள் கொள்ளைநோயும் வந்தது. ஊர்கள் கைவிடப்பட்டன, காடு திரும்பி வந்தது.

இங்கே விமர்சகர்கள் இரண்டு முகாமாகப் பிரிவதுண்டு. எல்லாம் காலநிலை என்பது ஒரு முகாம், எல்லாம் மனிதச் செயல் என்பது மற்றது. 1342 இரண்டையும் மறுக்கிறது. மழை மேலிருந்து வந்தது உண்மை. ஆனால் அது காட்டின் மேல் விழுந்திருந்தால் அந்த அளவு மண் போயிராது. உழுத சரிவு முன்பும் இருந்தது. ஆனால் மழை அப்படிக் கொட்டாதிருந்தால் அது இன்னும் சில தலைமுறைகள் தாங்கியிருக்கும். காரணத்தைப் பங்குபிரித்துக் கொடுப்பது சுலபம். இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்ட விதத்தைச் சொல்வதுதான் கடினம். நல்ல வரலாறும் நல்ல நாவலும் செய்யும் வேலை அதுவே.

14ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையான குளிர்க் காலத்தைச் சிறு பனியுகம் என்கிறார்கள். அல்ப்ஸ் பனியாறுகள் நீண்டன. மேல் ரைனில் வெள்ளங்கள் அடுக்கடுக்காக வந்தன. ஒவ்வொரு ஊரும் தன் பக்கத்தில் கரை கட்டி, எதிர்க்கரையை நோக்கி ஆற்றைத் தள்ளிவிட்டது. க்னவுடன்ஹைம் என்ற கிராமம் வெள்ளம் தாங்காமல் 1758இல் இடம்பெயர்ந்தது. ஸ்பையர் ஆயராக இருந்து ஆண்ட ஹுற்றனின் பெயரால் புதிய ஊர் ஹுற்றன்ஹைம் ஆயிற்று. டெற்றன்ஹைம் மக்கள் 1813இல் ஆற்றங்கரையை விட்டு உள்நிலத்துக்குப் போனார்கள். பாடன் பெருங்கோமகன் கார்லின் பெயரால் அவர்களது ஊர் கார்ல்ஸ்டோர்ஃப் ஆயிற்று.

இடம்பெயர்ந்தவர்களாகிய நாம் இந்த இரு பெயர் மாற்றங்களையும் ஒரு கணம் நின்று வாசிக்கவேண்டும். வீட்டை ஆறு கொண்டுபோயிற்று. பெயரை அரசு கொண்டுபோயிற்று. புகலிடம் தந்தவரின் பெயரைத் தாங்கியபடியே அவர்கள் அன்றிலிருந்து முகவரி எழுதவேண்டியிருந்தது. 1975இல் அப்பகுதியில் வேறு இரு கிராமங்களை இணைத்துப் புதிய உள்ளூராட்சி ஒன்றை அமைத்தபோது, அதற்கு டெற்றன்ஹைம் என்ற பழைய பெயரைச் சூட்டினார்கள். பெயர் திரும்பியது. அப்பெயருக்குரியவர்களின் சந்ததி கார்ல்ஸ்டோர்ஃபிலேயே இருந்தது.

ஆகவே, திருத்தத்துக்கு முந்திய ரைனைப் பொற்காலமாகப் பாடுவதும் நேர்மையற்றது. அந்தச் சதுப்புகளில் மலேரியாக் காய்ச்சல் இருந்தது. நாடகாசிரியர் ஷில்லர் 1783இல் மன்ஹைமில் அக்காய்ச்சலில் விழுந்தார். திருத்தத்தின் பின் அந்நோய் குறைந்ததில், சதுப்புகள் வற்றியதற்குக் கணிசமான பங்கு உண்டு. சதுப்பின் அழகை ஓவியத்தில் பார்ப்பவர் வேறு, அதன் நுளம்புக்கு இரத்தம் கொடுத்தவர் வேறு.

பாடன் அரசின் பொறியியலாளர் யோஹான் கொற்ஃப்றீட் துல்லா (1770–1828) இந்தப் பின்னணியிலேயே தன் திட்டத்தை முன்வைத்தார். பண்பட்ட நாடுகளில் ஆறுகள் கால்வாய்களாக இருக்கவேண்டும், நீரின் போக்கு குடிமக்களின் அதிகாரத்தில் இருக்கவேண்டும் என்பது அவரது கொள்கை. வேலை 1817இல் தொடங்கியது. இந்தோனேசியாவின் தம்போறா எரிமலை 1815இல் வெடித்ததன் விளைவாக, 1816இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் அழுகியது, பஞ்சம் வந்தது. பாடனிலிருந்தும் வுர்ற்றம்பெர்க்கிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ரைன் வழியே கீழிறங்கி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். வேறு பலர் ருஷ்யாவுக்குப் போனார்கள். அந்தப் பசிக் காலத்தில்தான் முதல் வெட்டு கார்ல்ஸ்றூ அருகே கினீலிங்கனில் நடந்தது. நிலத்தை இழக்கவிருந்த கினீலிங்கன் மக்கள் எதிர்த்தார்கள். அரசு படையை அனுப்பியது.

"குடிமக்களின் அதிகாரம்" என்ற சொற்றொடரை இந்த இடத்தில் வைத்து வாசித்தால் அதன் உள்முரண் வெளிப்படும். எந்தக் குடிமக்கள்? கரையில் நிற்கும் உழவரா, கார்ல்ஸ்றூ அலுவலகத்தில் வரைபடம் பார்ப்பவரா? நெப்போலியன் காலத்தில் சிறு சிறு ஆட்சிப்பகுதிகளைச் சேர்த்து வீங்கிய பாடனுக்கு, அலையாத எல்லைக்கோடு வேண்டியிருந்தது. ஆறு நகர்ந்தால் பிரான்சுடனான எல்லையும் நகரும். ஆற்றின் பிழைகளுள் முதன்மையானது அது எல்லையை மதிக்காததுதான் என்று தோன்றுகிறது.

1876இல் வேலை முடிந்தபோது பாசலுக்கும் வோர்ம்ஸுக்கும் இடையில் ரைனின் நீளம் 354 கிலோமீற்றரிலிருந்து 273ஆகக் குறைந்திருந்தது. 81 கிலோமீற்றர் ஆறு அடித்துவிடப்பட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் மறைந்தன. மணலை அலசிப் பொன் எடுத்துப் பிழைத்தவர்களின் தொழில் அழிந்தது. மீனவர்களின் ஒதுங்கிய நீர்நிலைகள் தூர்ந்தன. விளைநிலம் கிடைத்தது, வெள்ளம் தணிந்தது. ஆனால் வேகம் கூடிய ஆறு தன் படுக்கையையே அறுத்துக்கொண்டு கீழிறங்கியது. பாசலுக்குக் கீழே சில இடங்களில் அது பல மீற்றர் ஆழம் இறங்கி, கூடவே நிலத்தடி நீரும் இறங்கி, கரைக் காடுகள் காய்ந்தன. 1824 வெள்ளத்தின் பின் பிரஷ்யாவும் ஒல்லாந்தும், மேலே உள்ளவர்கள் தண்ணீரை விரைவாக எங்கள் தலையில் அனுப்புகிறீர்கள் என்று எதிர்ப்புத் தெரிவித்தன. பாடனில் பயன், கீழே பயம். மக்சாவில் துல்லாவுக்கு எழுப்பிய நினைவுக்கல் அவரைக் காட்டு ரைனை அடக்கியவர் என்று போற்றுகிறது. கினீலிங்கனுக்கு அங்கே ஒரு வரி இல்லை.

வரலாற்றாசிரியர் டேவிட் பிளாக்பேர்ன் 2006இல் வெளியிட்ட இயற்கையை வெல்லுதல் பற்றிய பெருநூலில், நவீன ஜேர்மனி நீரை அடக்கியதன் வழியே எவ்வாறு உருவானது என்பதை விரிவாகக் காட்டுகிறார். வெற்றிக்கதையாகவோ அழிவுக்கதையாகவோ மட்டும் அதைச் சுருக்காதது அந்நூலின் பலம். எனினும் அதன் கதை 18ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. அதனால் வாசகர் மனதில், அதற்கு முன்னிருந்தது இயற்கை என்ற எண்ணம் இலேசாகத் தங்கிவிட இடமுண்டு. வண்டலை வாசிப்பவர்களிடம் கேட்டால் அந்தத் தொடக்கக் கோடு இன்னும் பல ஆயிரம் ஆண்டுகள் பின்னே போகும்.

இது ஐரோப்பாவின் தனிப்பிரச்சினை அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா, மேரிலண்ட் பகுதிகளில், உயர்ந்த கரைகளுக்கிடையே ஒற்றைக் கோடாய் வளைந்தோடும் சிற்றாறுகளை அளந்து, இயல்பான ஆறு இப்படித்தான் இருக்கும் என்ற பொதுவிதியை 20ஆம் நூற்றாண்டின் ஆய்வாளர்கள் வகுத்தார்கள். ரொபேர்ட் வோல்ற்றர், டொறதி மெறிற்ஸ் ஆகிய இருவரும் 2008இல் வேறொன்றைக் காட்டினார்கள். அந்தக் கரைகள், குடியேறிய ஐரோப்பியர் நீராலைகளுக்காகக் கட்டிய ஆயிரக்கணக்கான சிற்றணைகளின் பின்னால் தேங்கிய சேறு. அணைகள் உடைந்தபின் நீர் அந்தச் சேற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அதற்கு முன் அங்கிருந்தவை, பல சிறு ஓடைகள் கசிந்தோடிய ஈரப் புல்வெளிகள். ஆலைக்காரரின் சேற்றை அளவுகோலாக வைத்து இயற்கையை அளந்திருக்கிறார்கள். நமது இலக்கியத்தில் "மரபு" என்று சிலர் தூக்கிப்பிடிப்பதில் எவ்வளவு இத்தகைய சேறு என்று கேட்பது தனிக் கட்டுரைக்குரியது.

மீண்டும் ரைனுக்கு வருவோம். 1919இன் வேர்செய் உடன்படிக்கை ரைன் நீரைத் திருப்பி மின் உற்பத்தி செய்யும் உரிமையைப் பிரான்சுக்குக் கொடுத்தது. 1932இல் கெம்ப்ஸ் நீர்மின் நிலையம் இயங்கியது. 1977இல் இஃபெற்ஸ்ஹைம் வரை அணைவரிசை முடிந்தபோது, மேல் ரைனில் எஞ்சியிருந்த வெள்ளச்சமவெளியில் மேலும் 130 சதுர கிலோமீற்றர் ஆற்றிடமிருந்து பிரிக்கப்பட்டிருந்தது. பாசலிலிருந்து கார்ல்ஸ்றூவுக்கு ஒரு வெள்ள அலை வந்துசேர முன்பு எடுத்த நேரத்தில் பாதிகூட இப்போது எடுப்பதில்லை. 1993 டிசெம்பரிலும் 1995 ஜனவரியிலும் கொலோன் பழைய நகரத்தில் தண்ணீர் ஏறியது. 1995இல் நீர்மட்டம் 10.69 மீற்றர். அதே வெள்ளத்தில் நெதர்லாந்தில் ஏறத்தாழ 2,50,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அதன் பின்பே ஆற்றுக்கு இடம் கொடுப்பது என்ற சொல் கொள்கையாயிற்று. பாடனில் 13 இடங்களில் வெள்ளநீரைத் தேக்கிவைக்கும் திட்டம் நடந்துவருகிறது. சில ஊர்களில் தங்கள் நிலக்கீழறையில் நீர் கசியும் என்று மக்கள் எதிர்த்திருக்கிறார்கள். கினீலிங்கனின் கேள்வி இன்னும் முடியவில்லை.

2021 யூலை 14, 15இல் ரைனின் சிறு கிளையான ஆர் பள்ளத்தாக்கில் நடந்தது இவ்வரலாற்றின் கொடிய அத்தியாயம். ஜேர்மனியில் இறந்த 180க்கும் மேற்பட்டோரில் 130க்கும் அதிகமானோர் இப்பள்ளத்தாக்கினர். சின்சிக்கில் மாற்றுத்திறனாளிகள் இல்லமொன்றில் மட்டும் 12 பேர் இறந்தார்கள். யாரும் எதிர்பார்த்திராத ஒன்று என்று அப்போது சொல்லப்பட்டது. இக்கூற்றை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கவேண்டும். ஆர் ஆறு 1804இலும் 1910இலும் பள்ளத்தாக்கைச் சூறையாடியிருக்கிறது. 1804இல் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1910இல் இறந்த 50க்கும் மேற்பட்டோரில் பலர் இருப்புப்பாதை போட வந்து ஆற்றோரம் தங்கியிருந்த தொழிலாளர்கள். ஆனால் அல்ற்றனார் நீர்மட்ட அளவீடுகள் 1940களின் பிற்பகுதியிலிருந்தே தொடர்ச்சியாக உள்ளன. வெள்ள அபாய வரைபடங்கள் அந்த அளவீடுகளைக் கொண்டே கணிக்கப்பட்டன. அதற்கு முந்திய இறப்புகள் கணக்கில் சேரவில்லை. வீட்டுச் சுவர்களிலிருந்த பழைய வெள்ளக்குறிகளைக் கொண்டு 1804, 1910 வெள்ளங்களின் அளவைப் புவியியலாளர்கள் மீட்டுருவாக்கி 2021க்கு முன்பே வெளியிட்டிருந்தார்கள். ஆனால் அபாய வரைபடங்களின் கணக்கு மாறவில்லை.

காலநிலை மாற்றம் இத்தகைய மழையின் சாத்தியத்தை 1.2 முதல் 9 மடங்கு வரை கூட்டியிருக்கிறது என்று பன்னாட்டு ஆய்வுக்குழுவொன்று 2021 ஓகஸ்றில் மதிப்பிட்டது. எனவே மழையிலும் மனிதக் கை உண்டு. அடித்துவந்த மரமும் வண்டிகளும் அடைத்த பாலங்களிலும் உண்டு, ஆற்றோரம் கட்டப்பட்ட வீடுகளிலும் உண்டு, எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குவது என்ற முடிவிலும் உண்டு. இதில் கடைசியானதே நம்மை அதிகம் உறுத்துகிறது. எண்ணிக்கை எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதே யார் இறந்ததாகக் கொள்ளப்படுவர் என்பதைத் தீர்மானிக்கும் என்பது, போரைக் கடந்து வந்த சமூகம் ஒன்றுக்கு விளக்கிச் சொல்லவேண்டியதல்ல.

தமிழ்த் திணைக் கோட்பாட்டில் மருதம் என்பது வயலும் வயல் சார்ந்த இடமும். ஆற்றுச் சமவெளியை ஆற்றால் அல்ல, வயலால் பெயரிட்டிருக்கிறார்கள். உழைப்பு நுழைந்த நிலமே அங்கு திணையாகிறது. அதற்குரிய தெய்வமாக வேந்தனை வைத்தார்கள் என்பதும் கவனத்திற் கொள்ளத்தக்கது. நிலம், உழைப்பு, அதிகாரம் மூன்றையும் ஒருங்கே பார்க்கும் ஒரு பார்வை நமது மொழிக்குள்ளேயே இருக்கிறது. புலம்பெயர் எழுத்தாளர்கள் பனியைப் புதிய திணையாக்கியதோடு நிறுத்திவிடாமல், இந்தப் பார்வையை ரைன் கரைக்கும் கொண்டுவரவேண்டும். வாழும் நிலத்தின் கணக்கைக் கேட்பவரே அந்நிலத்தில் குடியிருப்பவர், மற்றவர் விருந்தாளி.

1993லும் 1995லும் தங்கள் தெருவில் தண்ணீர் ஏறியதைக் கண்டவர்கள், 2021இன் சேற்றை அள்ளியவர்கள் நமது வாசகர்களிடையே இருப்பின், தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்பதையேனும் எழுதியனுப்புங்கள். மாற்றுக் கருத்துகளையும் பிரசுரிப்போம்.